ஐந்தாம் அவென்யூவின் பளிங்குப் பேராலயம்

நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவில், 50ஆம் தெருவுக்கும் 51ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட மனைக்கட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது புனித பேட்ரிக் பேராலயம். முகப்பு மேற்கே ஐந்தாம் அவென்யூவைப் பார்க்கிறது, பின்புறம் மேடிசன் அவென்யூவைத் தொடுகிறது. வெண்பளிங்கில் எழுந்த அதன் இரட்டை ஊசிக்கோபுரங்கள் 330 அடி உயரம். 1858இல் அடிக்கல் நாட்டி, 1879இல் வழிபாட்டுக்குத் திறந்து, 1888இல் கோபுரங்களை முடித்தார்கள். ஐரோப்பாவின் இடைக்காலக் கட்டடக்கலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீட்டெடுத்த கோதிக் மறுமலர்ச்சிப் பாணிக்கு அமெரிக்காவில் இதைவிடப் புகழ்பெற்ற கத்தோலிக்கச் சான்று இல்லை. இதைக் கட்டிய சமூகத்துக்கு அரசனும் இல்லை, பிரபுவும் இல்லை. பஞ்சத்துக்கு அஞ்சிக் கடல்கடந்து வந்த ஐரிஷ் ஏழைகளே அதில் பெரும்பான்மையினர். அவர்களிடம் பணம் எப்போது இருந்தது, எப்போது தீர்ந்தது என்பது கட்டடத்தின் உறுப்புகளிலேயே பதிந்திருக்கிறது.

இதற்கு முன்னும் ஒரு புனித பேட்ரிக் பேராலயம் இருந்தது. மன்ஹாட்டனின் தென்பகுதியில், மாட் தெருவும் பிரின்ஸ் தெருவும் கூடும் இடத்தில் 1809இல் தொடங்கி 1815இல் அர்ச்சிக்கப்பட்ட கோயில் அது. வடிவமைத்தவர் ஜோசப் பிரான்சுவா மான்ஜான் என்ற பிரெஞ்சுக்காரர். அன்றைய நியூயார்க் புராட்டஸ்டண்டுகளின் நகரம். கத்தோலிக்கர் என்றாலே அந்நியருக்கு விசுவாசமானவர்கள் என்ற ஐயம் பரவலாக இருந்தது. 1844ஆம் ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் குடியேறிகளுக்கு எதிரான கலவரம் மூண்டு, புனித மிக்கேல், புனித அகுஸ்தினார் ஆலயங்கள் எரிக்கப்பட்டன. அதே கூட்டம் நியூயார்க்குக்கும் வரும் என்ற பேச்சு எழுந்தபோது, அங்கே ஆயராக இருந்த ஜான் ஹியூஸ் பழைய பேராலயத்தைச் சுற்றிக் காவலுக்கு ஆட்களை நிறுத்தினார். தன் கோயில்களில் ஒன்றுக்குத் தீ வைத்தாலும் நகரமே எரியும் என்று மேயரிடம் நேரில் சென்று எச்சரித்தார். கலவரம் நியூயார்க்கைத் தொடவில்லை.

ஹியூஸ் 1797இல் அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில் ஓர் எளிய குடியானவரின் மகனாகப் பிறந்தவர். 1817இல் அமெரிக்கா வந்து, மேரிலாந்தில் ஒரு குருமடத்தில் தோட்டவேலை பார்த்து, பிறகு அதே மடத்தில் மாணவராகச் சேர்ந்து, 1826இல் குருவானார். 1850இல் நியூயார்க் உயர்மறைமாவட்டமானபோது அதன் முதல் பேராயரானார். அப்போது அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். கப்பல் கப்பலாக மக்கள் வந்து இறங்கினார்கள். 1855ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நியூயார்க்கில் நான்கில் ஒருவருக்கும் மேல் அயர்லாந்தில் பிறந்தவர். துறைமுகக் கூலி, கட்டட வேலை, வீட்டு வேலை என்று நகரத்தின் கடின உழைப்பு அவர்கள் தலையில் இருந்தது. அந்த மக்களுக்காக ஹியூஸ் பள்ளிகள் திறந்தார். அவர் தூண்டுதலில் 1850இல் குடியேறிகளுக்கென்று ஒரு சேமிப்பு வங்கியும் தொடங்கப்பட்டது. நகரத்திலேயே பெரிய கோயில் தங்களுடையது என்று அவர்கள் சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு அந்த ஆண்டுகளில்தான் உருவாயிற்று. வாடகைக் குடியிருப்புகளில் ஓர் அறைக்குள் குடும்பமே அடைந்துகிடந்த நாளில் பளிங்குக் கோயில் தேவையா என்ற கேள்வி நியாயமானதுதான். தன் மக்களுக்கு ரொட்டியைப் போலவே மதிப்பும் வேண்டும் என்று ஹியூஸ் உறுதியாக நம்பினார். அவருடைய பிற செயல்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நம்பிக்கையைக் குறைசொல்ல இயலவில்லை.

அவர் தேர்ந்த மனை அன்றைய நகர எல்லைக்கு வெகுதூரம் வடக்கே இருந்தது. 1810இல் இயேசு சபையினர் அங்கே ஒரு பள்ளி நடத்தினர். அது மூடப்பட்ட பின் பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடி வந்த டிராப்பிஸ்ட் துறவியர் சிறிது காலம் தங்கி, அனாதைக் குழந்தைகளைப் பேணினர். பிற்பாடு நகரத்துக் கத்தோலிக்கர் அதைக் கல்லறைத் தோட்டத்துக்காக வாங்கினர். மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறையாக இருந்ததால் குழி தோண்ட முடியாது என்று அந்த எண்ணம் கைவிடப்பட்டது. கட்டடத்துக்கோ பாறை நல்ல அடித்தளம். ஆனாலும் காலி மனைகளுக்கு நடுவே பேராலயம் எழுப்புவதைப் பார்த்தவர்கள் அதற்கு ‘ஹியூஸின் மடமை’ என்று பெயர் சூட்டினார்கள்.

வரைபடம் தீட்டும் பொறுப்பு ஜேம்ஸ் ரென்விக்குக்குப் போயிற்று. 1818இல் பிறந்த அவர் கத்தோலிக்கர் அல்லர், நியூயார்க்கின் வசதியான புராட்டஸ்டண்ட் குடும்பத்துப் பிள்ளை. கொலம்பியா கல்லூரியில் படித்துப் பொறியாளராக வேலை தொடங்கி, நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த குரோட்டன் நீர்வழித் திட்டத்தில் பணிபுரிந்தவர். கட்டடக்கலையை முறையாகப் பயிலாமல் புத்தகங்களைக் கொண்டே கற்று, இருபத்தைந்து வயதை ஒட்டி பிராட்வேயில் கிரேஸ் சர்ச்சை வடிவமைத்தார். 1846இல் முடிந்த அந்தக் கோதிக் கோயில் அவரைப் புகழ்பெறச் செய்தது. வாஷிங்டனில் ‘கோட்டை’ என்று பெயர்பெற்ற ஸ்மித்சோனியன் கட்டடமும் அவர் கைவண்ணமே. பேராலயப் பணியில் அவருக்குத் துணையாக இருந்த வில்லியம் ரொட்ரிக், ஹியூஸின் தங்கையை மணந்தவர்.

கோதிக் பாணிதான் வேண்டும் என்பதற்குக் காலமும் ஒரு காரணம். இங்கிலாந்தில் அகஸ்டஸ் பியூஜின் கத்தோலிக்க மறைக்கு மாறியபின், கூர்வளைவுக் கட்டடமே உண்மையான கிறிஸ்தவக் கட்டடம் என்று 1836 முதல் எழுதிவந்தார். கிரேக்க, ரோமானியத் தூண்களைப் புறச்சமயத்தார் சொத்தென்று ஒதுக்கினார். லண்டன் நாடாளுமன்றம் எரிந்தபின் கோதிக்கிலேயே திரும்ப எழுந்தது. பாரிஸ் நோத்ரு தாம் கோயிலைப் புதுப்பிக்கும் வேலை 1844இல் தொடங்கியது. ஜெர்மனியில் முந்நூறு ஆண்டுகளாகப் பாதியில் நின்ற கொலோன் பேராலயத்தின் கட்டுமானம் 1842இல் மீண்டும் தொடங்கி 1880இல் முடிந்தது. இரண்டு கோபுரங்கள் முகப்பின் இருபுறமும் ஒரே அளவாக எழும் கொலோன் வடிவத்தின் சாயலை ரென்விக்கின் வரைபடத்தில் தெளிவாகக் காணலாம். பிரெஞ்சுக் கோயில்களின் மரபும் ஆங்கில நுண்வேலையும் அதில் கலந்திருக்கின்றன. கறாரான இடைக்கால நகல் இதுவன்று. பல நூற்றாண்டுகளில் ஐரோப்பா கற்றதைப் பொறியாளர் ஒருவர் தன் தேவைக்குத் திரட்டிக்கொண்டது.

பணத்துக்கு ஹியூஸ் முதலில் வசதி படைத்தவர்களை நாடினார். ஆளுக்கு 1,000 டாலர் கேட்டுக் கடிதம் எழுதினார். 103 பேர் கொடுத்தார்கள், அவர்களில் இருவர் கத்தோலிக்கரே அல்லர். அதை வைத்துக்கொண்டு 1858 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்பு விழாவன்று அடிக்கல் நாட்டினார். அன்று ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் திரண்டதாகக் கணக்கிடப்பட்டது. பெரிய மனிதர்களின் பணம் விரைவில் தீர்ந்தது. அதன்பின் வேலையை நகர்த்தியது பங்குக் கோயில்களின் காணிக்கைத் தட்டு. துறைமுகக் கூலிகளும், பணக்காரர் வீடுகளில் சமைத்துத் துவைத்த ஐரிஷ் பெண்களும் போட்ட சில்லறைக்காசு அது.

1860இல் கையிருப்பு வறண்டு வேலை நின்றது. அடுத்த ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. லிங்கன் அரசின் சார்பில் ஐரோப்பிய ஆதரவைத் தேடி ஹியூஸ் கடல்கடந்து போய்வந்தார். 1863 ஜூலையில் கட்டாய ராணுவச் சேர்க்கைக்கு எதிராக நியூயார்க்கில் வெடித்த கலவரத்தில் ஈடுபட்டவர்களில் பெருந்தொகையினர் ஐரிஷ்காரர்கள். அவர்கள் கோபம் கறுப்பின மக்கள் மீது பாய்ந்தது. பேராலய மனைக்குச் சில தெருக்கள் தெற்கே, அதே ஐந்தாம் அவென்யூவில் இருந்த கறுப்பினக் குழந்தைகளின் அனாதை இல்லம் தீக்கிரையாயிற்று. நோயுற்றிருந்த ஹியூஸ் தன் வீட்டு மாடத்திலிருந்து கூட்டத்திடம் பேசி அமைதி காக்கச் சொன்னார். தன் கோயில்களுக்குத் தீ வரும் என்று பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அஞ்சிய சமூகமே இப்போது தீ வைத்தது. பேராலயத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவது சரியல்ல. ஹியூஸ் 1864 ஜனவரியில் இறந்தார். அப்போது கட்டடம் கூரையில்லாத அரைச்சுவராக நின்றது.

போர் முடிந்த 1865இல் அடுத்த பேராயர் ஜான் மெக்ளாஸ்கி வேலையைத் தொடர்ந்தார். அமெரிக்காவின் முதல் கர்தினாலாக 1875இல் உயர்த்தப்பட்டவர் அவர். கல் வேலையின் சிறப்பும் சமரசமும் அவர் காலத்தில்தான் முழு உருப்பெற்றன.

கோதிக் கட்டடத்தின் அடிப்படை கனம் இறங்கும் வழி. கூரைக்குக் கீழே கல்லாலான கவிகை மாடம் இருக்கும். அதன் எடையை விலா எலும்புபோன்ற கல்வரிகள் வாங்கித் தூண்களில் இறக்கும். வளைவாக இருப்பதால் அந்த எடை கீழே மட்டும் இறங்காது, சுவரை வெளிப்பக்கமாகவும் தள்ளும். சுவர் சாயாமலிருக்க, பக்கக்கூடங்களின் கூரைக்கு மேலாக அந்தரத்தில் பாயும் அரைவளைவு முட்டுகளை இடைக்காலச் சிற்பிகள் வெளியே அமைத்தார்கள். அந்த முட்டுகள் சுவருக்குத் தோள்கொடுத்து, தள்ளும் விசையைத் தரைக்குக் கொண்டுபோகும். சுவரின் வேலை குறைவதால் அதைப் பெரிய சாளரங்களாகத் திறந்துவிட முடிந்தது. பாரிஸிலும் ஷார்த்ரிலும் கோயிலைச் சுற்றிக் கவிந்து நிற்கும் முட்டுகள் இதற்காகவே எழுந்தன.

ரென்விக்கின் தொடக்கத் திட்டத்தில் கல் கவிகையும் முட்டுகளும் இருந்தன. செலவு கட்டுப்படியாகாததால் கல் கவிகை கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக மரப்பட்டிகைகளின் மேல் சாந்து பூசி, கல்வரிகளைப் போலவே விலாக்களை வார்த்து, உட்கூரையை அமைத்தார்கள். தரையிலிருந்து 108 அடி உயரத்தில் இருப்பதால் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது கல்லென்றே தோன்றும். சாந்துக் கூரை சுவரைத் தள்ளாது என்பதால் அரைவளைவு முட்டுகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. அவற்றையும் விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த முட்டுகளின் தலையில் எடைசேர்க்க வேண்டி வரைந்த சிகரங்கள் மட்டும் சுவரின் மேல் வரிசையாக எழும்பி நிற்கின்றன. 50ஆம் தெருவிலிருந்து பக்கச்சுவரை நோக்கினால் இது கண்ணில் படும்: மேலே கூர்மையான சிகரங்கள், அவை எடைசேர்க்க வேண்டிய வளைவுகளின் இடத்தில் வெட்டவெளி. இதைப் போலிக் கோதிக் என்று பழித்த விமர்சகர்கள் உண்டு. பொறியியல் தூய்மையை மட்டும் பார்த்தால் அந்தப் பழிப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் கல் கவிகைக்காகக் காத்திருந்தால் அந்தத் தலைமுறை கோயிலைக் கண்டிராது. ரென்விக் நினைத்திருந்த கிழக்குக் கோடிச் சிற்றாலயமும் இதே காரணத்தால் தள்ளிப்போய், கிழக்கே தட்டையான சுவரோடு கட்டடம் நின்றது.

வெளிச்சுவரில் இத்தகைய சிக்கனம் இல்லை. நியூயார்க்கின் வெஸ்ட்செஸ்டர் வட்டாரத்திலும் மாசசூசெட்ஸிலும் வெட்டிய வெண்பளிங்கால் அது இழைக்கப்பட்டது. தளவடிவம் சிலுவை. நீளம் சுமார் 400 அடி, குறுக்குக்கூடத்தின் அகலம் 174 அடி, 2,400 பேர் வரை அமரலாம். 1878இல் முடிவுறாத பேராலயத்துக்குள்ளேயே ஒரு பெரிய சந்தை நடத்தி 1,70,000 டாலருக்கு மேல் திரட்டினார்கள். 1879 மே 25 அன்று மெக்ளாஸ்கி பேராலயத்தை அர்ச்சித்தார். பழைய பேராலயம் பங்குக் கோயிலாயிற்று. கோபுரங்களின் ஊசிப்பகுதி அப்போதும் எழவில்லை. அடுத்த பேராயர் மைக்கேல் காரிகன் 1885இல் தொடங்கி 1888இல் அவற்றை முடித்தார்.

உள்ளே முதலில் கவனத்தை ஈர்ப்பவை வண்ணக்கண்ணாடிச் சாளரங்கள். திறப்புவிழாக் காலத்துச் சாளரங்களில் பெரும்பகுதி பிரான்சில், ஷார்த்ர் நகரின் நிக்கோலா லோரான் பட்டறையிலும், நாந்த் நகரின் ஆன்றி எலி பட்டறையிலும் செய்யப்பட்டவை. ஷார்த்ர் நகரத்துப் பேராலயம் கோதிக் கண்ணாடிக் கலையின் தலைமைப் பீடம். லோரான் தினமும் அதன் நிழலில் வேலைசெய்தவர். ஆனால் அவர் பாணி இடைக்காலத்தது அன்று. நிழலும் முகபாவமும் தீட்டிய ஓவியத்தன்மை மிக்கது. கதை சொல்லும் படங்கள் தெளிவாக இருக்கும், ஒளி சற்று மங்கலாக உள்ளே வரும். ரென்விக் தாமே கொடுத்த சாளரத்தின் அடிப்பகுதியில், அவர் ஹியூஸிடம் வரைபடத்தைக் காட்டும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. மேற்கு முகப்பில் 26 அடி விட்டத்தில் உள்ள ரோஜாச் சாளரம் இதற்கு நேரெதிர். 1940களில் பாஸ்டனின் சார்லஸ் கோனிக் பட்டறை செய்தது அது. கோனிக் ஓவியத்தன்மையை மறுத்து, அடர்நீலத்தையும் சிவப்பையும் சிறுசிறு துண்டுகளாகக் கோத்து ஒளியையே வண்ணமாக்கினார். அறுபது ஆண்டுக்கும் மேலான இடைவெளியில் பிறந்த இரண்டு கொள்கைகள் ஒரே கூடத்தில் எதிரெதிரே இருக்கின்றன. இடைக்கால ஷார்த்ரின் உணர்வுக்கு அருகில் நிற்பது பாஸ்டன்காரரின் கண்ணாடிதான்.

தள்ளிப்போன கிழக்குச் சிற்றாலயம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. தட்டைச்சுவரை நீக்கி, சார்லஸ் மேத்யூஸ் வரைந்த மாதா சிற்றாலயத்தை அங்கே சேர்த்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கோதிக்கின் மெல்லிய இழைப்பு அதில் தெரிகிறது. 1906 கிறிஸ்துமஸ் நாளில் முதல் திருப்பலி நடந்தது. வடக்குக் கோபுரத்தின் 19 மணிகள் 1897இல் பிரான்சின் சவோய் பகுதியில் பக்கார் குடும்பத்தின் வார்ப்பகத்திலிருந்து வந்தவை. ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயர் உண்டு. பேட்ரிக் என்ற பெரிய மணியின் எடை 6,600 பவுண்டுக்கு மேல். கடன் முழுதும் அடைந்தபின் 1910 அக்டோபர் 5 அன்று முறையான அபிஷேகம் நடந்தது. கடனுள்ள கோயிலை அபிஷேகம் செய்யக் கூடாதென்பது கத்தோலிக்கத் திருச்சபையின் அன்றைய விதி.

நியூயார்க் பேராயராக இருந்த கர்தினால் ஸ்பெல்மன் காலத்தில் பீடப்பகுதி மாறியது. ரென்விக் காலத்துப் பலிபீடத்தை ஃபோர்டாம் பல்கலைக்கழகக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, 1942இல் 57 அடி உயர வெண்கல விதானத்தோடு புதிய பீடம் அமைத்தார்கள். அதை வடிவமைத்த சார்லஸ் மாஜினிஸ்தான் 1949இல் நிறுவிய பெரிய வெண்கலக் கதவுகளையும் வரைந்தார். ஜான் ஏஞ்சல் சிற்பங்களை வடித்தார். கதவில் ஆறு உருவங்கள். புனித சூசையப்பரும் புனித பேட்ரிக்கும் போக, மீதி நால்வரும் இந்நிலத்தோடு தொடர்புடையவர்கள்: 1646இல் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு ஐசக் ஜோக்ஸ், இத்தாலியக் குடியேறிகளுக்குத் தாயாக விளங்கிய பிரான்செஸ்கா கப்ரினி, மோஹாக் பழங்குடிப் பெண் கட்டேரி டெகாக்விதா, நியூயார்க்கிலேயே பிறந்த எலிசபெத் சீட்டன். கதவு வடித்தபோது சீட்டனும் கட்டேரியும் புனிதர் பட்டம் பெற்றிருக்கவில்லை. சீட்டனுக்கு 1975இலும் கட்டேரிக்கு 2012இலும் அது கிடைத்தது. அவர்களைக் கதவில் ஏற்றியபோது ரோமின் முடிவுக்குக் காத்திருக்கவில்லை.

உயர்பீடத்துக்குக் கீழே உள்ள நிலவறையில் நியூயார்க்கின் பேராயர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பழைய பேராலயத்தில் புதைக்கப்பட்டிருந்த ஹியூஸின் உடலும் இங்கே மாற்றப்பட்டது. அவர்களோடு குருப்பட்டம் பெறாத ஒருவரும் கிடக்கிறார். ஹைட்டியில் அடிமையாகப் பிறந்து, நியூயார்க்குக்குக் கொண்டுவரப்பட்டு, சிகையலங்காரத் தொழிலில் பொருளீட்டி, அனாதைகளுக்கும் நோயாளிகளுக்கும் வாரிவழங்கிய பியர் டூசெயின் அவர். பழைய புனித பேட்ரிக் பேராலயத்துக்கும் நிதி திரட்டித் தந்தவர். 1853இல் இறந்த அவரது எலும்புகள் 1990இல் இங்கே கொண்டுவரப்பட்டன. 1863இன் கலவரத்தை அறிந்தவர்களுக்கு இந்த இடமாற்றத்தின் பொருள் விளங்கும்.

நகரம் இதற்குள் வடக்கே பல மைல்கள் வளர்ந்துவிட்டது. 1930களில் எதிர்ப்புறம் ராக்பெல்லர் மையம் எழுந்தபின், ஒருகாலத்தில் வானத்தைத் தனியாகத் தொட்ட கோபுரங்கள் கண்ணாடி, எஃகு அடுக்குகளின் நடுவே சிறுத்துத் தெரிகின்றன. 1966இல் நகரமும் 1976இல் கூட்டரசும் கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தன. திருத்தந்தையர் ஆறாம் பவுல், இரண்டாம் ஜான் பால், பதினாறாம் பெனடிக்ட், பிரான்சிஸ் ஆகியோர் இங்கே வந்திருக்கிறார்கள்.

பளிங்கின் எதிரி நகரத்துப் புகை. அமிலம் கலந்த மழைநீரில் கல் அரித்து, மேற்பரப்பு சர்க்கரைபோல் உதிரத் தொடங்கியது. விழுந்த துண்டுகள் நடைபாதைக்கு ஆபத்தாயின. 2012இல் தொடங்கி 2015இல் பிரான்சிஸ் வருகைக்குள் முடிந்த புதுப்பிப்புக்கு 177 மில்லியன் டாலர் செலவாயிற்று. கல்லைக் கழுவி ஒட்டுப்போட்டார்கள், சாளரங்களைச் சீர்செய்தார்கள். சாந்து உட்கூரையைப் பெயர்த்தெறியாமல் விரிசல் அடைத்துப் பேணினார்கள். சிக்கனத்துக்காகச் செய்ததும் நூற்றைம்பது ஆண்டில் மரபாகிவிடும் என்பதை அந்த வேலையை மேற்கொண்டவர்கள் மதித்தார்கள். கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட மரச்சட்டங்கள் தீக்கு எளிய இரை. அங்கே பனிபோல் நீர் தெளிக்கும் தீயணைப்பு ஏற்பாடு செய்யப்பட்டது. 2019இல் நோத்ரு தாமின் மரக்கூரை எரிந்ததைப் பார்த்தவர்கள் அந்த முன்யோசனையின் அருமையை உணர்ந்தார்கள். 2017இல் புவிவெப்ப முறையும் இயங்கத் தொடங்கியது. பேராலயத்தின் இரு பக்கங்களிலும் பாறையைத் துளைத்து, 2,200 அடி ஆழம்வரை செல்லும் பத்துக் கிணறுகளை இறக்கியிருக்கிறார்கள். பூமியின் நிலையான வெப்பத்தைக்கொண்டு குளிர்காலத்தில் கூடத்தைச் சூடாக்கவும் கோடையில் குளிர்விக்கவும் அவை உதவுகின்றன. குளிர்விக்கும் பெரிய எந்திரங்களைக் கோயிலின் மேல் ஏற்றாமல், ரென்விக்கின் கூரைக்கோட்டை மாற்றாமல் இது சாத்தியமாயிற்று.